ஜன்னலில் விளக்கு வைக்கும் ஊர்கள்: சாக்சனியில் ஒரு டிசம்பர்

நவம்பர் 30, ஞாயிறு. ஃப்ரைபெர்க்

இன்று அட்வென்ட் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளில் இதுதான் தொடக்கம். நவம்பர் முழுக்க இங்கே சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மேகம் கவிந்தால் மதியமே லைட் போட வேண்டும். இன்று மாலை மேல் சந்தைச் சதுக்கத்தின் பக்கம் நடந்தேன். தெருவின் இரண்டு பக்கமும், எல்லா மாடியிலும், ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு.

அரைவட்டமாக ஒரு மரச்சட்டம், அதன் வளைவின் மேல் வரிசையாக மெழுகுவத்தி வடிவ பல்புகள், உள்ளே ரம்பத்தால் அறுத்தெடுத்த சின்னச் சின்ன உருவங்கள். ஷ்விப்போகன் என்று பெயர். எங்கள் வீட்டுக்கார அம்மா நேற்றே பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டார். உருவங்களின் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி வைத்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

அவர் சொன்ன வேலை சுரங்க வேலை. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தின் தெற்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர் ஓடுகிறது. 1168ல் இந்த ஊர் இருக்கும் இடத்தில் வெள்ளி கிடைத்தது. ஹாலே ஊரிலிருந்து உப்பு ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் சக்கரத் தடத்தில் மின்னிய கல்லை எடுத்துப் போய்க் காட்டினார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. ஆண்டுகொண்டிருந்த ஓட்டோ, தனக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் தோண்டலாம் என்று அனுமதி தந்தார். காடாக இருந்த இடத்துக்கு நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 800 வருடம் இங்கே சுரங்கம் ஓடியது. குளிர்காலத்தில் தொழிலாளி விடிவதற்கு முன் இறங்குவார், இருட்டிய பிறகு மேலே வருவார். வாரநாளில் வெயிலே கண்ணில் படாது. வீட்டு ஜன்னலில் எரியும் விளக்குதான் அவருடைய பகல்.

நான் இங்கே சுரங்கப் பொறியியல் படிக்கிறேன். அப்பா நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் அம்மா வாசல் லைட்டை அணைக்க மாட்டார். அதனாலோ என்னவோ, இந்த விளக்குகளை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை. இந்த மாதம் வகுப்பு இல்லாத நாட்களில் இவற்றின் பின்னால் உள்ள கதையைத் தேடிப் போகப் போகிறேன். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 4, வியாழன். ஃப்ரைபெர்க்

சுரங்கக்காரர்களின் காவல் புனிதையான பார்பராவின் நாள் இன்று. காலையில் வீட்டுக்கார அம்மா தோட்டத்துச் செர்ரி மரத்திலிருந்து நாலைந்து மொட்டைக் கிளைகளை வெட்டித் தண்ணீர் ஜாடியில் வைத்தார். கிறிஸ்துமஸுக்குள் பூத்தால் வருகிற வருடம் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை.

மதியம் ரைஹெ செக்கே சுரங்கத்துக்குள் இறங்கினோம். எங்கள் பல்கலைக்கழகத்தின் பயிற்சிச் சுரங்கம் அது. 1765ல் சுரங்கக் கல்விக்கூடமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபன் ஹும்போல்ட் இங்கே படித்தவர். இந்தியம் என்ற தனிமத்தை 1863லும் ஜெர்மேனியத்தை 1886லும் இந்த ஊரில்தான் கண்டுபிடித்தார்கள். கூண்டு சுமார் 150 மீட்டர் கீழே போய் நிற்கிறது. வருடம் முழுக்க ஏறக்குறைய 10 டிகிரிதான் என்பதால், மேலே உறைபனி அடிக்கும்போது கீழே கதகதப்பாகவே இருந்தது.

கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தது பழைய காலத்துச் சுரங்கப்பாதை. தோள் இடிக்கும் அகலம், குனிந்துதான் நடக்க வேண்டும். சுவர் முழுக்க வரிவரியாக உளித் தடம். ஒரு கையில் இரும்பு உளி, ஒரு கையில் சுத்தியல், தலைமாட்டில் கொழுப்பு எரியும் சின்ன விளக்கு. கடினமான பாறையில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான் முன்னேற முடியும். எங்கள் வழிகாட்டி எல்லோருடைய தொப்பி விளக்கையும் அணைக்கச் சொன்னார். என் கை எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து ஊரான கெம்னிட்ஸில் வாழ்ந்த அக்ரிகோலா, சுரங்கத் தொழில் பற்றி எழுதிய பெரிய நூல் 1556ல் வெளிவந்தது. எந்திரங்கள், காற்றோட்டம், உலை எல்லாம் படத்தோடு விளக்கிய அவர், தூசி நுரையீரலை அரிப்பதையும் எழுதியிருக்கிறார். கார்பாத்திய மலையின் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை இந்த நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்கிறார். வகுப்பில் அக்ரிகோலாவை எந்திரங்களுக்காகப் படிக்கிறோம். அந்த வரிக்காகவும் படிக்க வேண்டும்.

டிசம்பர் 6, சனி. ஃப்ரைபெர்க்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் விட்ட பூட்ஸுக்குள் ஆரஞ்சு, வால்நட், சாக்லேட். இன்று நிக்கோலாஸ் நாள். மாடியில் இருக்கும் இரண்டு குழந்தைகளுக்கு வைத்தபோது வீட்டுக்கார அம்மா எனக்கும் வைத்திருக்கிறார்.

மாலை சுரங்கத் தொழிலாளர் ஊர்வலம். ஊரே மேல் சந்தைச் சதுக்கத்தில். முதலில் தூரத்தில் பேண்டு வாத்தியம், அப்புறம் தீப்பந்த வெளிச்சம், பிறகு வரிசை வரிசையாக ஆட்கள்: பச்சைத் தொப்பி, கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, பின்பக்கம் கட்டிய தோல். ஈரப் பாறையில் உட்காரவும் சறுக்கிக்கொண்டே இறங்கவும் உதவிய தோல் அது. உலைக்கூடக்காரர்களுக்கு வேறு உடை, தச்சர்களுக்கு வேறு, அதிகாரிகளுக்கு வேறு. ஒருவர் கையிலும் பொம்மைக் கருவி இல்லை. எல்லாம் நிஜச் சுத்தியல், நிஜக் கோடாரி.

இந்த ஊர்வலத்தின் மிடுக்கு அரண்மனையிலிருந்து வந்தது. 1719ல் சாக்சனியின் அரசர் பலமிக்க அகஸ்டஸ், தன் மகனுடைய கல்யாணத்துக்கு டிரெஸ்டன் அருகே சுரங்கக்காரர்களைப் பெரும் ஊர்வலமாக நடத்திக் காட்டினார். என் நாட்டுச் செல்வம் எங்கிருந்து வருகிறது பாருங்கள் என்று விருந்தாளிகளுக்குக் காட்டும் ஏற்பாடு. தொழிலாளிகளைச் சீருடை போட வைத்ததும் மேலிடம்தான். அந்தச் செலவு பலருக்குப் பாரமாகவும் இருந்தது. ஃப்ரைபெர்க்கின் கடைசிச் சுரங்கம் 1969ல் மூடப்பட்டது. இன்று அதே உடையை யாரும் கட்டாயப்படுத்தாமல், ஆசிரியரும் மெக்கானிக்கும் ஓய்வுபெற்றவர்களும் தாங்களாகவே உடுத்தி நடக்கிறார்கள். எனக்கு முன்னால் போன ஒரு கிழவருக்கு நடை தள்ளாடியது. பேரன் வயதுப் பையன் ஒருவன், அவனும் முழுச் சீருடையில், அவர் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தான்.

ஊர்வலத்துக்கு முன்பு பேராலயத்தைப் பார்த்தேன். 1638ல் வைத்த பிரசங்க மேடை ஒன்றை ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலை தாங்கி நிற்கிறது. பக்கத்திலேயே பூத்தண்டு போல மேலெழும் இன்னொரு கல்மேடை, அது அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் பழையது. மேலே சில்பர்மன் 1714ல் கட்டிய ஆர்கன். பூமிக்குள் குனிந்து எடுத்த வெள்ளிதான் இத்தனையும் ஆகியிருக்கிறது.

டிசம்பர் 13, சனி. டிரெஸ்டன்

ரயிலில் முக்கால் மணி நேரம் கூட இல்லை. ஷ்ட்ரீட்செல்மார்க்ட் எனும் கிறிஸ்துமஸ் சந்தையை இங்கே 1434ல் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திங்களன்று மக்கள் இறைச்சி வாங்கிக்கொள்ள ஒரே ஒரு நாள் சந்தை கூடலாம் என்று அரசர் கொடுத்த அனுமதி அது. இன்று ஒரு மாதம் நடக்கிறது. நடுவில் 14 மீட்டருக்கு மேல் உயரமான மரப் பிரமிடு, தட்டுத் தட்டாகச் சுழல்கிறது.

ஷ்டோலன் வாங்கினேன். துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் வடிவில் செய்து, மேலே சர்க்கரைப் பொடி தூவிய கனமான ரொட்டி. டிரெஸ்டன் ஷ்டோலன் என்று பெயர் போட வேண்டுமானால் 1 கிலோ மாவுக்குக் குறைந்தது அரை கிலோ வெண்ணெயும் 650 கிராம் உலர்திராட்சையும் இருக்க வேண்டும். ஆனால் இது ஒரு காலத்தில் விரதப் பண்டம். அட்வென்டில் வெண்ணெய் கூடாது என்பது திருச்சபை விதி. மாவு, தண்ணீர், எண்ணெய் மட்டும்தான். வாயில் வைக்க முடியவில்லை என்று சாக்சனி அரசர்கள் போப்பாண்டவருக்கு எழுத, 1491ல் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார். பரிகாரமாகப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, தீயில் எரிந்துபோன எங்கள் ஃப்ரைபெர்க் பேராலயத்தைக் கட்டப் போனது என்கிறார்கள். போன வாரம் பார்த்த தூண்களில் வெண்ணெய்க் காசும் இருக்கிறது.

கடைகளில் உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்த சின்ன மனித உருவங்கள் இருந்தன. தலையில் காகிதத் தொப்பி, கையில் ஏணி. புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைத்த சிறுவர்களின் உருவம் அது. ஒல்லியான உடம்பு வேண்டும் என்பதால் ஏழு எட்டு வயதுப் பையன்களை இறக்கினார்கள். ஏழைக் குழந்தைகளே இந்தப் பொம்மையைச் செய்து சந்தையில் விற்றிருக்கிறார்கள். வாங்க மனம் வரவில்லை, பிறகு விற்றுக்கொண்டிருந்த பாட்டியிடம் பேசிய பின் வாங்கினேன்.

அங்கிருந்து ஃபிரௌவன்கிர்ஹெ ஆலயத்துக்கு. 1743ல் கட்டி முடித்த கல் கோபுரம், 1945 பிப்ரவரி 13ஆம் தேதி இரவு தொடங்கிய பிரிட்டிஷ், அமெரிக்க விமானத் தாக்குதலில் வெந்து, 15ஆம் தேதி காலை இடிந்து விழுந்தது. 25,000 பேர் வரை இறந்தார்கள் என்று நகரம் அமைத்த வரலாற்று ஆய்வுக்குழு 2010ல் சொன்னது. கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்க இடிபாடு நினைவுச் சின்னமாக அப்படியே கிடந்தது. 1994ல் தொடங்கி 2005ல் மறுபடி கட்டி முடித்தார்கள். வெளிறிய புதுக் கல்லுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகளாகத் தெரிபவை இடிபாட்டிலிருந்து எடுத்து, அளந்து, பழைய இடம் கண்டுபிடித்து வைத்த கற்கள். இந்த ஊர் மணற்கல்லில் இரும்பு உண்டு, நாள்பட்டால் கறுக்கும். கொஞ்ச காலத்தில் புதியதும் பழையதும் ஒரே நிறமாகிவிடும். உச்சியில் இருக்கும் பொன் சிலுவையைச் செய்தவர் லண்டன் பொற்கொல்லர் ஒருவர். அவருடைய அப்பா இந்த நகரத்தின் மேல் குண்டு வீசிய விமானப் படையில் இருந்தவர். உள்ளே, இடிபாட்டில் கிடைத்த பழைய சிலுவை முறுக்கியபடியே நிற்கிறது.

இதோடு திரும்பிவிடலாம் என்றுதான் பலர் திரும்புகிறார்கள். தயவுசெய்து ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்து யூத ஆலயத்துக்கும் போங்கள். கட்டடக் கலைஞர் செம்பர் கட்டிய பழைய ஆலயம் அங்கே இருந்தது. 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு நாஜிகள் அதை எரித்தார்கள். விமானத் தாக்குதலுக்கு ஆறு வருடம் முன்பு, சொந்த ஊர்க்காரர்கள் வைத்த தீ. ஆலயத்தின் உச்சியில் இருந்த தாவீது நட்சத்திரத்தை ஆல்ஃபிரட் நொய்கெபவர் என்ற தீயணைப்பு வீரர் எடுத்து ஒளித்து வைத்துப் போருக்குப் பின் திருப்பிக் கொடுத்தார். 2001ல் திறந்த புது ஆலயத்தின் வாசலுக்கு மேல் அந்த நட்சத்திரம் இருக்கிறது. 1945ஐ மட்டும் சொல்லி 1938ஐ விட்டுவிட்டால் இந்த ஊரின் கதை பொய்யாகிவிடும்.

டிசம்பர் 14, ஞாயிறு. புல்ஸ்நிட்ஸ்

டிரெஸ்டனிலேயே ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டு, காலையில் காமென்ஸ் போகும் ரயிலைப் பிடித்தேன். புல்ஸ்நிட்ஸ் சின்ன ஊர். சந்தைச் சதுக்கத்தில் இந்த ஊரில் பிறந்த சிற்பி ரீட்ஷலின் சிலை. தெருவெல்லாம் வாசனை: பட்டை, கிராம்பு, ஏலம், தேன்.

1558ல் இந்த ஊர் ரொட்டிக்காரர்களுக்கு மசாலா ரொட்டி சுடும் உரிமை கிடைத்தது. இன்றும் குடும்பம் குடும்பமாக அதே தொழில். தேனோ சர்க்கரைப் பாகோ மாவில் பிசைந்து, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் ஊற விடுகிறார்கள். சுடுகிற நாளில்தான் மசாலாவும் உப்ப வைக்கும் உப்பும் சேரும். நெய்யோ முட்டையோ பாலோ அடிப்படை மாவில் கிடையாது. ஏலம் மலபார் மலையிலிருந்தும், பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பு கிழக்குத் தீவுகளிலிருந்தும் கைமாறிக் கைமாறி இந்தக் குளிர் ஊருக்கு வந்திருக்கிறது.

ஆனால் நான் இங்கே வந்தது இந்த ஊரில் பிறந்த ஒருவருக்காக. 1682 ஜூலை 10ஆம் தேதி பார்த்தலோமேயு சீகன்பால்க் பிறந்தது இந்தப் புல்ஸ்நிட்ஸில்தான். ஹாலேயில் சமய அறிஞர் ஃபிராங்கெவிடம் படித்து, டென்மார்க் அரசர் மதபோதகராக அனுப்பி, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23, மறுநாள்தான் 24 முடிந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம் தரங்கம்பாடிக்கு. பள்ளிச் சுற்றுலாவில் அந்தக் கோட்டையையும் அவர் 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்திருக்கிறேன்.

அவர் தமிழ் கற்ற கதையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். இரண்டே வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி ஒரு பட்டியல் செய்தார்; அதில் திருக்குறளும் உண்டு. ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் போய்ச் சேர்ந்தன. அவை பெரிதாக இருந்ததால் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்கள். நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி 1713ல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஹாலே மேலிடம் அச்சிட மறுத்துவிட்டது. அவர்களுடைய சமயத்தை ஒழிக்கப் போனவர் அதைப் பரப்பலாமா என்பது அவர்கள் கேள்வி. 1867ல், அதுவும் சென்னையில்தான், அது அச்சேறியது. மதம் மாற்றப் போனவர்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நம் மக்கள் என்ன படிக்கிறார்கள், என்ன நம்புகிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதியவரும் அவரே. 1719ல் தரங்கம்பாடியிலேயே, 36 வயதில் இறந்தார்.

புனித நிக்கோலாஸ் ஆலயத்தைச் சுற்றி வந்தேன். பிறகு ஒரு கடையில் மசாலா ரொட்டி வாங்கும்போது எந்த ஊர் என்று கேட்டார்கள். தமிழ்நாடு என்று சொல்லிவிட்டுத் தரங்கம்பாடியின் பழைய ஐரோப்பியப் பெயரையும் சொன்னேன். கல்லாவில் இருந்த அம்மா உடனே உள்ளே பார்த்து, "இங்கே வாங்க, சீகன்பால்க் போன ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறாள்" என்று கணவரைக் கூப்பிட்டார். மாவுக் கையோடு அவர் வந்து நின்று, அங்கே கடல் இன்னும் கரையை அரிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 15, திங்கள். லைப்சிக்

ஒரு சிறிய நிறுத்தம்தான். தாமஸ் ஆலயத்தில் இசையமைப்பாளர் பாக் 1723 முதல் 1750ல் சாகும்வரை இசை ஆசிரியராக இருந்தார்; அவர் கல்லறை அங்கேதான். நான் நேரம் செலவழித்தது நிக்கோலாய் ஆலயத்தில். 1982 முதல் திங்கள்தோறும் மாலை ஐந்து மணிக்கு இங்கே அமைதிக்கான ஜெபம் நடந்தது, இன்றும் நடக்கிறது. 1989 அக்டோபர் 9 திங்களன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு சேர்ந்து சுமார் 70,000 பேர் கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்து நகரைச் சுற்றி நடந்தார்கள். துப்பாக்கியோடு படை காத்திருந்தது. மக்கள் கையில் மெழுகுவத்தி. அணையாமல் காக்க இன்னொரு கையும் தேவை, கல் எடுக்கக் கை மிச்சம் இல்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

டிசம்பர் 20, சனி. ஸைஃபன்

ஓல்பெர்ன்ஹாவில் ரயிலை விட்டு பஸ் ஏறி மலைமேல் போக வேண்டும். ஏற ஏறப் பனி. ஸைஃபன் முழுக்க ஒரே தெருதான் என்று சொல்லலாம், அந்தத் தெரு முழுக்க மரவேலைப் பட்டறைகள்.

இது தகரச் சுரங்க ஊர். தாது குறையக் குறைய, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆட்கள் மரத்தின் பக்கம் திரும்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுரங்கம் முழுசாகவே நின்றது. காடு பக்கத்திலேயே இருக்கிறது, தாதுவை இடிக்க ஓடிய தண்ணீர்ச் சக்கரத்தில் கடைசல் எந்திரத்தை மாட்டினார்கள். பொம்மை ஊர் பிறந்தது பசியால்.

திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வளையக் கடைசல் பார்த்தேன். ஈரமான ஊசியிலை மரத்துண்டை எந்திரத்தில் மாட்டி, உளியை வைத்து வளையமாகக் கடைகிறார் ஒருவர். பள்ளம், மேடு, மறுபடி பள்ளம். பார்க்கிற நமக்கு ஒன்றும் புரியாது. வளையத்தைக் கழற்றி ஒரு இடத்தில் கத்தியை வைத்துத் தட்டினால், வெட்டுமுகத்தில் ஒரு மாடு நிற்கிறது! கொம்பு, வாய், வயிறு எல்லாம் சரியாக. கேக் துண்டு போடுவது போல அந்த வளையத்தைத் துண்டு துண்டாகப் பிளந்தால் ஒவ்வொன்றும் ஒரு மாடு. கடையும்போது அவருக்கும் உருவம் தெரியாது. முழுக்கக் கை நினைவுதான். இந்த வேலை 1800ஐ ஒட்டி இங்கே உருவானது. இன்று தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

இவ்வளவு வேகமாகச் செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் விலை. பொம்மைகள் டஜன் கணக்கில், அறுபது அறுபதாக விலை பேசப்பட்டு நியூரம்பெர்க் வழியாக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயின. ஒரு பொம்மைக்குக் கிடைத்தது சொற்பம். அப்பா கடைவார், அம்மா ஒட்டுவார், குழந்தைகள் இரவு விளக்கில் வர்ணம் பூசுவார்கள். அருங்காட்சியகத்தில் ஒரு வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள்: சமைக்கிற, தூங்குகிற, வேலை செய்கிற இடம் எல்லாம் ஒரே அறை. பணக்கார வீட்டுக் குழந்தைகள் விளையாட, ஏழை வீட்டுக் குழந்தைகள் தூக்கத்தை இழந்தார்கள். தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு முழு ஊரைப் பார்த்து எல்லோரும் "ஆகா" என்றார்கள். அந்த ஜன்னல்களுக்குக் கோடு போட்ட விரல் எவ்வளவு சின்னதாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

வால்நட் உடைக்கும் பொம்மையை 1870 வாக்கில் இங்கே வில்ஹெல்ம் ஃபூஷ்ட்னர் செய்தார். ராஜா, போலீஸ்காரர், காட்டிலாகா அதிகாரி எனப் பெரும்பாலும் அதிகார முகங்கள். நாம் கஷ்டப்படுத்தப்பட்டது போதும், இவர்கள் நமக்குக் கொட்டை உடைக்கட்டும் என்று செய்தார்கள் என்பார்கள். கூடவே வாயால் புகைவிடும் மரமனிதர்: இடுப்போடு கழற்றி உள்ளே கூம்பு வடிவச் சாம்பிராணி ஏற்றி வைக்க வேண்டும். கரித்தூள், குங்கிலியம், சந்தனம் சேர்ந்த அந்த வாசனை கடைக்குள் நுழைந்ததுமே என்னைப் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வரும் வாசனைக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. அம்மாவுக்கு ஒரு மரமனிதர் வாங்கிவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு. ஆனபெர்க்

நான்காம் அட்வென்ட். மலை ஊர்களின் சங்கங்கள் எல்லாம் ஒன்றுசேரும் பெரிய ஊர்வலம் இன்று இங்கே. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள். ஃப்ரைபெர்க் ஊர்வலத்தைப் பற்றி எழுதிவிட்டதால் மறுபடி வேண்டாம். புனித அன்னாள் ஆலயத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

உள்ளே சுரங்கக்காரர் பீடம் என்று ஒன்று இருக்கிறது. முன்பக்கம் வழக்கமான தெய்வீகக் காட்சிகள். பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். 1521ல் ஹான்ஸ் ஹெஸ்ஸெ அங்கே வரைந்தது வேலை: மலை முழுக்கக் குழிகள், கயிறு சுற்றுகிற ஆட்கள், தாது கழுவுகிற பெண், உலை, கடைசியில் நாணயம் அடிக்கிறவர். பாறை காசாகும் பாதை முழுவதும் ஒரே படத்தில். பீடத்தில் தொழிலாளியை வைத்த ஊர் இது. சதுக்கத்தில் பார்பரா உட்மன் சிலை. பதினாறாம் நூற்றாண்டில் லேஸ் பின்னும் தொழிலை ஏற்பாடு செய்து பெண்களுக்கு வருமானம் தந்தவர். ஜன்னல் வளைவு விளக்குகளில் மிகப் பிரபலமான 1937ஆம் வருட வடிவத்தில் இரண்டு சுரங்கத் தொழிலாளிகளோடு ஒரு மரச்சிற்பியும் லேஸ் பின்னும் பெண்ணும் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. சுரங்கம் கைவிட்டபோது சோறு போட்டவை அந்த இரண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் சுரங்கம் திரும்பி வந்தது, வேறு தாதுவுக்காக. போருக்குப் பின் சோவியத் ரஷ்யா இந்த மலைகளில் யுரேனியம் எடுக்கத் தொடங்கியது. விஸ்முட் என்ற நிறுவனத்தின் பெயரில் 1990 வரை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தார்கள். ஆரம்ப வருடங்களில் காற்றோட்டமும் பாதுகாப்பும் மோசம். ஆயிரக்கணக்கானோருக்குப் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய். நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஷ்விப்போகன், 1740ல் இரும்பில் அடித்தது, யோஹான்கெயோர்கன்ஷ்டாட் ஊரைச் சேர்ந்தது. அந்த ஊரின் பழைய பகுதியையே 1950களில் யுரேனியத்துக்காக இடித்துத் தள்ளினார்கள். வளைவு விளக்கு பிறந்த தெருக்கள் இன்று இல்லை. ஜெர்மனி முழுக்க ஜன்னல்களில் அந்த விளக்கு இருக்கிறது.

டிசம்பர் 24, புதன். ஃப்ரைபெர்க்

மதியம் இரண்டு மணிக்குக் கடைகள் அடைத்துவிட்டன. பழைய நாளில் இன்றைய ஷிஃப்ட் சீக்கிரம் முடியும். மேலே வந்து கூடி, தலைவர் சுத்தியலால் தட்டியதும் ஜெபம், பாட்டு, சாப்பாடு. இப்போது அந்தக் கடைசி ஷிஃப்டை நினைவாகச் சில சுரங்கங்களில் நடத்துகிறார்கள்.

வீட்டுக்கார அம்மா என்னை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மலை வழக்கப்படி ஒன்பது வகை. சில்லறை தீராதிருக்கப் பருப்பு, பெரிய பணத்துக்கு உருளைக்கிழங்கு உருண்டை, உடம்புக்குத் தெம்பு தர வறுத்த சாசேஜ், வாழ்க்கை கசக்காமலிருக்கப் புளித்த முட்டைக்கோஸ், கன்னம் சிவக்கப் பீட்ரூட், இன்னும் வாத்துக்கறி, பாலில் ஊறிய ரொட்டி, வால்நட், செலரி. தட்டுக்கு அடியில் ஒரு நாணயம். சாப்பிட்டு முடியும்வரை அவரைத் தவிர யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒரு தட்டு காலியாக வைத்திருந்தார், வழிப்போக்கர் வந்தால் வேண்டுமே என்று. செர்ரிக் கிளைகளில் இரண்டு பூத்திருக்கின்றன, மற்றவை மொட்டு.

அப்பாவுக்கு வீடியோ போட்டு மேஜையைக் காட்டினேன். பருப்பைப் பார்த்ததும் "நம்ம சாம்பார் பருப்பாம்மா அது?" என்றார். இல்லப்பா, மைசூர் பருப்பு மாதிரி ஒன்று என்றேன். அப்புறம் அவர் கேட்டதெல்லாம் சுரங்கத்தைப் பற்றித்தான். கீழே தண்ணீர் எப்படி வெளியேறுகிறது, பம்ப் வைத்திருக்கிறார்களா என்று. ஃப்ரைபெர்க்கில் ரோத்ஷேன்பெர்க் வடிகால் சுரங்கப்பாதை இருக்கிறது, 1844ல் தொடங்கி 1877ல் முடித்தது, இன்றும் தண்ணீர் தானாகவே அதில் வழிந்து ஆற்றுக்குப் போகிறது என்று சொன்னேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அதை ஜெர்மனில் சொன்னதும், தன் மாமனார் இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மொழிபெயர்த்தேன்.

இந்த மலைப்பகுதியில் விளக்குகளை பிப்ரவரி 2 வரை எடுக்க மாட்டார்கள். ஜனவரியில் தேர்வு. முடிந்ததும் ஹாலே போய் ஃபிராங்கெ நிறுவனத்தில் இருக்கும் தமிழ் ஓலைச்சுவடிகளைப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 13 அன்று டிரெஸ்டனில் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி நிற்பார்கள், இரவு ஆலய மணிகள் எல்லாம் அடிக்கும். அதற்கும் போகிறேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.